ஜேம்ஸ் பாண்டுக்கு வால்தர் வேண்டாம்

2025 அக்டோபரில் ஒரு கூத்து நடந்தது, ஞாபகம் இருக்கும். அமேசான் பிரைமில் ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்குப் புதுசாகப் போஸ்டர் போட்டார்கள். பாண்ட் இருக்கிறார், கோட் இருக்கிறது, முறைப்பு இருக்கிறது. கையில் துப்பாக்கியை மட்டும் காணோம். கம்ப்யூட்டரில் அழித்துவிட்டிருந்தார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களில் அந்தப் படங்களை எடுத்துவிட்டு வேறு போட்டார்கள். சுபம்.

எங்கள் ஆபீஸ் லஞ்ச் டேபிளில் மூன்று நாள் இதே பேச்சு. "வால்தர் இல்லாத பாண்டா? பிள்ளையார் கையில் கொழுக்கட்டை இல்லாத மாதிரி" என்றார் என்னோடு வேலை பார்க்கும் மாயவரத்துக்காரர். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் ஆட்டவில்லை. ஏனென்றால், அந்தத் துப்பாக்கியைப் பாண்டின் கையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் கட்சி. வெறுங்கையோடு நிறுத்த அல்ல. அதற்குப் பதில் வேறு ஒன்றைக் கொடுக்க. 1956லேயே ஒருத்தர் சரியான துப்பாக்கியைச் சொன்னார். கேட்டவர் பாதி கேட்டு மீதியைக் கோட்டை விட்டார். எழுபது வருஷமாக அந்தத் தப்பைத்தான் நாம் கைதட்டிக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்த வங்கி அதிகாரி. கான்பூருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் ஒரு முறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை, திருவிழாவில் பலூன் சுட்டதைத் தவிர. அதிலும் பலூன் தப்பித்தது. பாண்டை நான் முதலில் பார்த்தது தியேட்டரில் இல்லை, ராணி காமிக்ஸில். என் வயசுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் என்று நினைக்கிறேன். சாணித்தாளில் கறுப்பு மையில் வந்த அந்தப் பாண்ட் என்ன துப்பாக்கி வைத்திருந்தார் என்று யாருக்குத் தெரியும்? சுட்டால் "டுமீல்" என்று வரும், அவ்வளவுதான். புத்தகங்களை இங்கிலீஷில் படித்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, ரயில் பயணங்களில்.

அப்போதுதான் தெரிந்தது, இயான் ஃப்ளெமிங்கும் நம்ம லைன் ஆள்தான் என்று! தாத்தா ராபர்ட் ஃப்ளெமிங் சொந்தமாக வங்கி நடத்தியவர். பேரனும் லண்டனில் கொஞ்ச நாள் வங்கி வேலை, அப்புறம் பங்குத் தரகு என்று ஓட்டிவிட்டு, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை உளவுப் பிரிவுக்குப் போனார். 1953ல் முதல் பாண்ட் நாவல் "கேசினோ ராயல்" வந்தது. அதில் பாண்டின் கையில் இருந்தது வால்தர் இல்லை. .25 பெரெட்டா. உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான ஆட்டோமேட்டிக். கோட்டுக்கு அடியில் தெரியக் கூடாது என்று ஃப்ளெமிங் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது.

1956 மே மாதம் கிளாஸ்கோவிலிருந்து ஃப்ளெமிங்குக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜெஃப்ரி பூத்ராய்ட். துப்பாக்கி விஷயத்தில் கரை கண்டவர். பாண்ட் கதைகள் தனக்குப் பிடிக்கும், ஆனால் அவர் வைத்திருக்கும் துப்பாக்கி சகிக்கவில்லை என்று எழுதியிருந்தார். அது சீமாட்டிகளின் சாமான் என்கிற தோரணையில் ஒரு குத்தல் வேறு. வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போகவில்லை, தீர்வும் சொன்னார்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் .38 ரிவால்வர், சென்டென்னியல் ஏர்வெய்ட் என்ற மாடல்.

இந்த .25, .38 எல்லாம் என்ன என்று குழம்ப வேண்டாம். துப்பாக்கிக் குழாயின் விட்டம், அங்குலக் கணக்கில். நமக்குப் புரிகிற மாதிரி நகைக்கடன் தராசில் நிறுத்துச் சொல்கிறேனே. .25 பெரெட்டாவின் குண்டு சுமார் 3.2 கிராம். அரைப் பவுன்கூடத் தேறாது, குழந்தைக்குப் போடுகிற மோதிரம். பாண்டுக்குப் பின்னால் கொடுத்த .32 வால்தரின் குண்டு சுமார் 4.6 கிராம். அரைப் பவுனைக் கொஞ்சம் தாண்டும். .38 ரிவால்வரில் வழக்கமாகப் போடுகிற குண்டு 10 கிராம் சொச்சம். ஒன்னேகால் பவுன். பெரெட்டாவுக்கும் வால்தருக்கும் வித்தியாசம் ஒன்றரை கிராம்தான். இதற்காகவா ஒரு மனிதனிடமிருந்து அவன் பழகின துப்பாக்கியைப் பிடுங்கினார்கள்?

பிடுங்கின கதை 1958ல் வந்த "டாக்டர் நோ" நாவலில் இருக்கிறது. முந்தின சாகசத்தில் பெரெட்டாவை உருவும்போது சைலன்சர் மாட்டிக்கொண்டு பாண்ட் சாகக் கிடந்தார். பெரியவர் எம் கூப்பிட்டு, பதினைந்து வருஷம் கூடவே இருந்த பெரெட்டாவை மேஜை மேல் வைக்கச் சொல்கிறார். ஆயுத நிபுணர் ஒருவர் வருகிறார். அவர் பெயர் மேஜர் பூத்ராய்ட்! கடிதம் எழுதினவருக்கு ஃப்ளெமிங் செய்த மரியாதை. இந்த மேஜர்தான் பின்னால் படங்களில் க்யூ ஆனார். கதை மேஜர் மறைத்து வைத்துக்கொள்ள வால்தர் பி.பி.கே.யையும், தூரத்துக்கு என்று அந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸனையும் தருகிறார். நிஜ பூத்ராய்ட் முதல் இடத்தில் வைத்தது ரிவால்வரை. கதைக்குள் அது இரண்டாம் இடத்துக்குப் போய், படங்களில் காணாமலே போய்விட்டது.

இதில் இன்னொரு தமாஷ். பூத்ராய்ட் ரிவால்வருக்கென்று பெர்ன்ஸ்-மார்ட்டின் உறையையும் சிபாரிசு செய்திருந்தார். ரிவால்வரில் தோட்டா சுழலும் உருளை இருக்கிறதே, அதை ஸ்பிரிங் வைத்துக் கவ்விப் பிடிக்கிற உறை. ஃப்ளெமிங் என்ன செய்தார்? உறையை எடுத்து வால்தருக்கு மாட்டிவிட்டார். வால்தர் ஆட்டோமேட்டிக், அதில் உருளையே கிடையாது. ஒரு லாக்கர் சாவியைக் கொண்டு இன்னொரு லாக்கரைத் திறக்கப் பார்க்கிற கதை. நிபுணரின் அறிக்கையை முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரி எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது :-)

சரி, ஏன் ரிவால்வர்? வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. பாண்டின் பிரச்சினையே துப்பாக்கி துணியில் மாட்டிக்கொண்டது. சென்டென்னியலின் சிறப்பே அது மாட்டாது என்பதுதான். ரிவால்வரின் பின்பக்கம் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, சுத்தி, அது இந்த மாடலில் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்கும். வால்தருக்குப் பின்னால் சுத்தி வெளியே தெரியும். நோய் என்னவோ அதற்கு மருந்து கொடுக்காமல், பக்கத்துப் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு. எடை. அலுமினியக் கலவையில் செய்த ஏர்வெய்ட், தோட்டா இல்லாமல் 370 கிராம் அளவுக்குத்தான் வரும். வால்தர் பி.பி.கே. 600 கிராமை நெருங்கும். ராத்திரி விருந்தில் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச வேண்டியவனுக்கு எது வசதி?

மூன்றுதான் முக்கியம். ஆட்டோமேட்டிக்கில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், அல்லது வெற்றுக்கூடு வெளியே விழாமல் மாட்டிக்கொண்டால், ஒரு கையில் பிடித்து இன்னொரு கையால் மேல்பாகத்தை இழுத்துவிட வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா ஏமாற்றினால் விசையை மறுபடி அழுத்தினால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். ஒரே கை, ஒரே விரல்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1974 மார்ச் 20 ராத்திரி, லண்டனில் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இளவரசி ஆனின் காரை ஒருவன் மறித்தான். கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்பது திட்டம். இளவரசியின் பாதுகாவலர் ஜிம் பீட்டன் காரிலிருந்து இறங்கினார். அவரிடம் இருந்தது எது? பாண்டின் அதே வால்தர் பி.பி.கே.! பீட்டனுக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. அவர் திருப்பி ஒரு முறை சுட்டார், குறி தப்பியது. அடுத்து அழுத்தினார். துப்பாக்கி மாட்டிக்கொண்டது. எதிராளியிடம் இருந்தவை ரிவால்வர்கள். பீட்டன் வெறுங்கையோடு இளவரசிக்குக் குறுக்கே நின்றார். மூன்று குண்டுகளை உடம்பில் வாங்கினார். அந்த ராத்திரி நான்கு பேர் குண்டடி பட்டார்கள், தெய்வாதீனமாக யாரும் சாகவில்லை. அந்த வழியாக வந்த ஒரு முன்னாள் குத்துச்சண்டைக்காரர் விட்ட குத்துகளும் அன்றைக்கு உதவின. பீட்டனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அந்தப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வால்தரை எடுத்துவிட்டார்கள்.

1962ல் வந்த "டாக்டர் நோ" படத்தில், பெரெட்டா மாட்டிக்கொண்டதால்தான் பாண்ட் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று சொல்லி வால்தரைக் கொடுப்பார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து நிஜத்தில் மாட்டிக்கொண்டது வால்தர். ஆஸ்பத்திரியில் கிடந்தவர் நிஜ மனிதர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எதிர்க்கட்சி வாதங்களையும் பார்த்துவிடுவோம், நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"ரிவால்வரில் ஐந்தே தோட்டா, வால்தரில் ஏழு." ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உளவாளி வேலை பட்டாளத்து வேலை இல்லை. ஐந்து தோட்டாவைத் தாண்டிச் சுட வேண்டிய நிலைமைக்கு ஓர் ஒற்றன் வந்துவிட்டான் என்றால் அவன் குட்டு உடைந்துவிட்டது, வேலை கெட்டுவிட்டது. அங்கே தேவை ஆறாவது தோட்டா இல்லை, பின்வாசல்.

"ரிவால்வருக்கு சைலன்சர் போட முடியாதே?" உண்மைதான். உருளைக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் சத்தம் கசியும். இந்த ஒரு வாதத்தில் வால்தர் கட்சிக்கு மார்க் போட்டே ஆக வேண்டும். ஆனால் நண்பர்களே, பாண்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே அந்த சைலன்சர்தான், மறந்துவிட்டீர்களா?

"உருளை புடைத்துக்கொண்டு தெரியுமே?" கொஞ்சம் தெரியும். லண்டனில் கோட் தைக்கிறவர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

அடுத்தது என் வீட்டிலேயே இருக்கிற எதிர்க்கட்சி. பிளஸ் டூ படிக்கிற பையன். "அப்பா, நீங்க சண்டை போடுற ரெண்டுமே பொம்மைத் துப்பாக்கிப்பா. டெசர்ட் ஈகிள் தெரியுமா?" என்கிறான். தெரியாமலென்ன, அவன் விளையாடுகிற கேமில் தினமும் காது கிழிகிறதே. அந்த டெசர்ட் ஈகிளில் பெரிய மாடல் இரண்டு கிலோ எடை. இரண்டு கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு சீட்டாட்ட மேஜையில் உட்காரச் சொல்லுங்கள், பேண்ட் நிற்குமா பார்ப்போம். சினிமாக்காரர்களுக்கும் இந்த ஆசை வந்து போனதுதான். 1973ல் ரோஜர் மூர் கையில் .44 மேக்னம் கொடுத்துப் பார்த்தார்கள். 1997ல் பியர்ஸ் பிராஸ்னனுக்குப் பி.பி.கே.யை எடுத்துவிட்டுப் பெரிய பி99 கொடுத்தார்கள். 2008ல் டேனியல் கிரெய்க் திரும்பவும் பி.பி.கே.க்கு வந்தார். சின்னதுதான் உளவாளிக்குச் சரி என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எந்தச் சின்னது என்பதில்தான் கோளாறு.

ஏன் அந்தக் கோளாறு? என் கணக்கு இது. வால்தர் பார்க்க அழகு. பெயரைச் சொல்லும்போதே ஒரு மிடுக்கு. "சென்டென்னியல் ஏர்வெய்ட்" என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ நூற்றாண்டு விழாவுக்கு விட்ட விமானம் மாதிரி இருக்கிறது. அதனால் அழகு ஜெயித்தது. அந்த அழகாவது நிஜமா? "ஃப்ரம் ரஷ்யா வித் லவ்" படத்துக்காக ஷான் கானரி நெஞ்சோடு சேர்த்து ஒரு நீளமான துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ உலகப் பிரசித்தம். படம் எடுத்த அன்று பி.பி.கே. கொண்டுவர மறந்துவிட்டார்கள். போட்டோகிராபர் தன்னிடம் இருந்த வால்தர் ஏர் பிஸ்டலைக் கொடுத்துச் சமாளித்தார். அட்டையில் ஓட்டை போடப் பழகுகிற காற்றுத் துப்பாக்கி! அதைப் பார்த்துத்தான் மூன்று தலைமுறை உடம்பு சிலிர்த்தது. அதே கதை 1957ல் புத்தகமாக வந்தபோது அட்டையில் வரைந்திருந்தது பூத்ராய்டின் சொந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். உள்ளே பெரெட்டா, வெளியே ரிவால்வர். அட்டைக்குத் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியவில்லை.

"கதைதானே சார், கற்பனை ஆளுக்கு எந்தத் துப்பாக்கியாக இருந்தால் என்ன?" என்று மாயவரத்துக்காரர் கேட்டார். தங்கமணியும் அதையேதான் கேட்டார், இன்னும் கொஞ்சம் காரமாக. இந்த ஊரில் இருந்துகொண்டு என்னால் அப்படி விட முடியவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்துக்கொள்வது பலருக்கு ஒரு கௌரவம். இடுப்பில் உறையோடு வங்கிக்கு வருவார்கள், நாங்கள் வாசலிலேயே நிறுத்துவோம். 9 எம்.எம். இந்தியாவில் சாதாரண மக்களுக்குத் தடை. அதனால் .32க்கு இங்கே ஏக மவுசு. அதில் அஷானி என்று ஒரு பிஸ்டல், அரசு ஆயுதத் தொழிற்சாலைத் தயாரிப்பு. அதற்குப் போடுகிற தோட்டா பாண்டின் வால்தருக்குப் போடுகிற அதே .32 தோட்டா.

சில வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணம், ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி. குடும்பத்தோடு போயிருந்தோம். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாமா முறை ஒருவர் பிஸ்டலை எடுத்து வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். மூன்றாவது வெடிக்கவில்லை. மாட்டிக்கொண்டது. அவர் கையை இறக்கி, விரலை விசையிலிருந்து எடுக்காமல், துப்பாக்கியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்தார். குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பலூன் வாங்க என் மகள் நின்றுகொண்டிருந்த பக்கம். அப்போது அவளுக்கு ஆறு வயசு. யாரோ ஒரு பையன் பாய்ந்து அவர் கையை அமுக்கினான். எதுவும் வெடிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

2019ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்தில் இப்படிச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே என்று ஆக்கியிருக்கிறார்கள். சட்டம் சரி. அந்த மனிதர் துப்பாக்கி வாங்கியபோது யோசித்தது என்ன என்பதுதான் என் கேள்வி. அது மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யோசித்திருப்பாரா? கையில் எப்படித் தெரியும் என்று யோசித்திருப்பார். அவருக்கு அந்த யோசனையை யார் கற்றுக்கொடுத்தார்கள்? பாண்ட் மட்டும் என்று சொல்லவில்லை. நம் ஊர்ப் படங்களும் சேர்ந்துதான்.

எங்கள் பழைய கிளையில் எட்டாவாக்காரர் ஒருவர் ஆயுதக் காவலர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் ஃபௌஜி சாகேப் என்போம். அவரிடம் பழைய இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி. நான் ஒரு முறை, "புது மாடல் ஏதாவது கேட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வேண்டாம் சாப். இது ஒன்று வெடிக்கலைன்னா பக்கத்துல இன்னொன்று இருக்கு. யோசிக்க வேண்டியதில்லை" என்றார் இந்தியில். பூத்ராய்ட் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவர் பணியில் இருந்த காலம் முழுக்க அந்தத் துப்பாக்கி கடமைக்காக ஒரு முறைகூட வெடிக்கவில்லை. வருஷாந்திரப் பயிற்சியில் மட்டும்தான். நல்ல துப்பாக்கிக்காரனின் ரெக்கார்டு அப்படித்தான் இருக்க வேண்டும்.

வங்கியில் இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கருவியைத் தேர்ந்தெடுப்பவன் ஒருத்தன், அதைச் சுமப்பவன் இன்னொருத்தன். தேர்ந்தெடுப்பவன் அழகைப் பார்த்தால் சுமப்பவன் அடி வாங்குவான். ஃப்ளெமிங் ஜமைக்காவில் கடல் பார்த்த வீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார், பாண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, காகித மனிதன். பீட்டனுக்கு ஆனது.

ஆகவே, போஸ்டரில் துப்பாக்கியை அழித்ததற்குக் கோபப்பட்ட ரசிகப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். பாண்டுக்குத் துப்பாக்கி கொடுங்கள். அழகில்லாத, பெயர் வாயில் நுழையாத, ஐந்தே தோட்டா உள்ள அந்தக் குட்டி ரிவால்வரைக் கொடுங்கள். அதை அவர் கோட்டுக்குள்ளேயே வைத்திருக்கட்டும். படம் முடிய ஒரே ஒரு முறை எடுக்கட்டும். எடுத்தால் வெடிக்கட்டும்.

பையனிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்போ போஸ்டர்ல துப்பாக்கியே தெரியாதேப்பா?" என்றான்.

அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!